ஒரே பெட்டியில் ஆறு பாட்டில்: இரண்டு மட்டும் பழுப்பாகிப் போனது ஏன்?

கேள்வி இதுதான்: 2010 அறுவடையின் மெர்சோ பிரமியே க்ரூ (பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் மெர்சோ கிராமத்து வெள்ளை ஒயின், உச்சத் தரமான கிரான் க்ரூவுக்கு அடுத்த தரம்), ஆறு பாட்டில் கொண்ட ஒரு பெட்டி. வாங்கிய நாளிலிருந்து 13 டிகிரியில், இருட்டில், படுக்க வைத்தே இருந்தது. இதுவரை நான்கைத் திறந்தாயிற்று. இரண்டு அருமை. மற்ற இரண்டும் பழுப்பேறி, ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினின் வாடை அடித்து, கொட்ட வேண்டியதாகிவிட்டது. எங்கே தவறு, மீதி இரண்டை என்ன செய்வது, இனி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சேமித்து வைத்த விதத்தில் தவறு எதுவும் தெரியவில்லை. அறை சூடாகிக் கெட்டிருந்தால் ஆறும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கெட்டிருக்கும். ஒரே பீப்பாயிலிருந்து, ஒரே நாளில் அடைத்து, ஒரே அறையில் இருந்தவற்றில் சில மட்டும் கெடுவதுதான் வெள்ளை பர்கண்டியைப் பிடித்த நோயின் அடையாளம். அகால ஆக்சிஜனேற்றம் என்று சொல்லலாம். ஒயின் வட்டாரத்தில் சுருக்கமாக 'ப்ரீமாக்ஸ்' என்பார்கள்.

மெர்சோ, புலிஞி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே, கோர்தோன்-ஷார்லமாஞ் ஆகிய பர்கண்டி இடங்களின் நல்ல ஷார்டொனே திராட்சை ஒயின், அறுவடையிலிருந்து பதினைந்து இருபது ஆண்டு அலட்டிக்கொள்ளாமல் நிற்கும் என்பது 1980கள் வரை யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. அது 1995, 1996 அறுவடைகளில் உடைந்தது. 1996 புளிப்பு மிகுந்த ஆண்டு. எல்லாவற்றையும்விட அதிக நாள் நிற்கும் என்று நம்பி, பலர் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்தார்கள். 2002, 2003 வாக்கில், அதாவது ஆறேழு வயதிலேயே, திறந்த பாட்டில்களில் பழுப்பு நிறமும் செத்த பழ வாசனையும் தெரிய ஆரம்பித்தன. ஒரு வீட்டாரின் ஒயின் மட்டும் இல்லை. கிராமத்துப் பெயரில் வரும் சாதாரண பாட்டில் முதல் கிரான் க்ரூ வரை, பேர்பெற்ற பண்ணைகளின் ஒயினும் இதில் சிக்கியது. உலர் வெள்ளை ஒயின் எந்த ஊரில் செய்தாலும் இது வரக்கூடும், போர்தோவிலும் வந்தது. ஆனால் பர்கண்டியில் வலி அதிகம், ஏனென்றால் அங்கே கொடுக்கும் விலையில் பெரும்பங்கு முதிர்ச்சிக்காகக் கொடுப்பது. இளமையில் மட்டும் குடிக்க என்றால் மோன்ராஷே வாங்க எந்த நியாயமும் இல்லை.

முதிர்ச்சியையும் கேட்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நன்றாக முதிர்ந்த வெள்ளை பர்கண்டி பொன்னிறமாகும். ஆனால் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு பச்சைச் சாயலோ பளபளப்போ மிஞ்சியிருக்கும். ஹேசல் பருப்பு, வறுத்த ரொட்டி, வெண்ணெய், கொஞ்சம் தேன், சில நேரம் காளான் வாசனை வரும். விழுங்கிய பிறகும் புளிப்பு நாக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். கெட்டதில் நிறம் மங்கிய பழுப்பு, தேநீர்ச் சாயலுக்கே போய்விடும். அடிபட்ட ஆப்பிள், மெழுகு, பழைய வால்நட், ஷெர்ரி வாசனைகள் மேலெழும். வாயில் வைத்தால் தொடக்கத்தில் ஏதோ இருப்பதுபோல் தோன்றி, நடுவிலேயே ஆள் காணாமல் போய், கடைசியில் ஒரு வறட்சி மட்டும் நிற்கும்.

இந்த வாசனைகளில் ஒன்றைத் தமிழ்ச் சமையலறையில் வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடலாம்: வெந்தயம். ப்ரீமாக்ஸ் பிடித்த ஒயினில் சோடோலான் என்ற சேர்மம் கூடுகிறது. வெந்தயத்துக்கு அதன் தனி மணத்தைத் தருவதும் அதே சோடோலான்தான். உலர் வெள்ளை ஒயினில் லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் அளவு வந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். போர்தோ பல்கலைக்கழகத்தில் தெனி துபூர்தியூவின் குழு இதை நுணுக்கமாக ஆராய்ந்தது. பர்கண்டிக்குப் பக்கத்து ஜூராவில் ஆறாண்டுக்கும் மேல் பீப்பாயில், ஈஸ்ட் படலத்துக்கு அடியில் விட்டுச் செய்யும் வான் ஜோன் ஒயினில் இதே சேர்மம் வேண்டுமென்றே வளர்க்கப்படுகிறது. அங்கே அது அழகு. மெர்சோவில் அது வந்தால், மெர்சோவில் இருக்க வேண்டிய மற்ற எல்லாம் போய்விட்டது என்று பொருள்.

நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதில் நடப்பதற்குச் சொந்தமான ஒன்றுதான் பாட்டிலுக்குள்ளும் நடக்கிறது, மிக மெதுவாக, நொதியின் உதவி இல்லாமல். ஆக்சிஜன் நேராக ஆல்கஹாலைத் தாக்குவதில்லை. ஒயினில் துளியளவு இருக்கும் இரும்பும் செம்பும் துணை நிற்க, முதலில் திராட்சையிலிருந்து வரும் ஃபீனால் என்ற சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து குயினோன்களாகின்றன. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. அந்தப் பெராக்சைடு இரும்போடு சேர்ந்து ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது; அடிபட்ட ஆப்பிள் வாடை அங்கிருந்து வருகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பு நிறம் தருகின்றன, பழ வாசனை தரும் சேர்மங்களையும் விழுங்குகின்றன. இந்த ஓட்டத்தை நடுவில் மறிப்பது சல்ஃபர் டை ஆக்சைடு. பெராக்சைடைப் பிடித்து அழிக்கும், குயினோன்களையும் பிடிக்கும். திராட்சையிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் வரும் குளுட்டாதயோன் இரண்டாவது காவல். பாட்டிலுக்குள் போகும் ஒயின் நெடும்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் கட்டுச்சோறு இவை இரண்டும்தான். வழியில் நிரப்பிக்கொள்ள முடியாது.

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கும். ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் அதிகபட்சம் நான்கு மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடைத் தின்னும். லிட்டருக்கு 25 மில்லிகிராம் கட்டற்ற சல்ஃபருடன் (அதாவது வேறெதனோடும் பிணையாமல் வேலைக்குத் தயாராக இருக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு; இனி சுருக்கமாகச் சல்ஃபர்) அடைத்ததாக வைத்துக்கொள்வோம். 750 மில்லி பாட்டிலில் அது ஏறக்குறைய 19 மில்லிகிராம். கார்க்குக்குக் கீழே 5 மில்லி காற்று மாட்டிக்கொண்டால் அதில் சுமார் 1.4 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு; ஐந்தரை மில்லிகிராம் சல்ஃபர் காலி. அடைக்கும்போது ஒயினில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தால் இன்னும் மூன்று காலி. ஆக, லாரியில் ஏறிச் சில மாதம் ஆவதற்குள் கையிருப்பு 10 மில்லிகிராமுக்கு வந்துவிடுகிறது. இதற்குப் பிறகு கார்க் வழியே ஆண்டுக்கு அரை மில்லிகிராம் ஆக்சிஜன் வந்தால் அந்தப் பத்து ஐந்தாண்டு தாங்கும். ஒன்றரை மில்லிகிராம் வந்தால் இரண்டு ஆண்டுகூடத் தாங்காது. இது உச்சக் கணக்கு, நடப்பில் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் ஒரே பெட்டியில் ஒன்று பிழைத்து ஒன்று சாவது எப்படி என்பதற்கு விடை இந்த எண்களில் இருக்கிறது. இயற்கைக் கார்க் மரப்பட்டையில் வெட்டியது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒன்று விடும் காற்றைப் போலப் பல மடங்கு அடுத்தது விடலாம், வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

'அப்படியானால் கார்க்தான் குற்றவாளி' என்று பலர் இங்கேயே முடித்துக்கொள்வார்கள். அது பாதிதான். 1960களிலும் இதே கார்க்தான், அதே ஏற்றத்தாழ்வுதான். கார்க் எப்படி இருந்தாலும் தாங்கக்கூடிய ஒயினாக அன்று அடைத்தார்கள். 1990களில் ஒயினின் தாங்கும் சக்தி குறைந்தது. அதன்பின் கார்க்கின் குறை ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தது. என் முடிவு இதுதான்: எந்தப் பாட்டில் கெடும் என்பதைக் கார்க் தீர்மானிக்கிறது, ஒரு பெட்டியில் எத்தனை கெடும் என்பதை ஒயின் செய்த விதம் தீர்மானிக்கிறது.

செய்த விதத்தில் என்ன மாறியது? முதலாவது, சல்ஃபர். உலர் வெள்ளை ஒயினுக்கு ஐரோப்பியச் சட்டம் அனுமதிக்கும் மொத்த அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். பர்கண்டியில் அந்த எல்லையை நெருங்கத் தேவையே இல்லை. ஆனால் சல்ஃபர் குறைந்தால் ஒயின் இளமையிலேயே திறந்து மணக்கும், விமர்சகர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் உடனே பிடிக்கும். அதனால் அடைக்கும்போது இடும் அளவைப் பலர் இறக்கினார்கள். அதே காலத்தில் பழுத்த பழத்தின் மேல் ஆசை கூடி, பிஎச்சும் ஏறியது, அதாவது புளிப்பு குறைந்தது. நுண்ணுயிரைத் தடுக்கும் மூலக்கூறு வடிவ சல்ஃபர் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் கிடைக்க வேண்டுமானால், பிஎச் 3.2இல் கட்டற்ற சல்ஃபர் 20 இருந்தால் போதும், 3.4இல் 32 வேண்டும். பிஎச் ஏறினால் ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகமும் கூடும். தேவை ஏறும்போது கையை இறக்கினார்கள். 1996போன்ற புளிப்பான ஆண்டே தப்பவில்லை என்றால், 2003போன்ற வெப்ப ஆண்டுகளின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பிழிதல். என் கணிப்பில் அதிகம் பேசப்படாத பெரிய காரணம் இது. பழைய வாஸ்லான் பிழிபொறியில் இரு பக்கத் தட்டுகளும் திருகில் நெருங்கி வந்து பழத்தை நசுக்கும். நடுவில் சங்கிலிகள் சக்கையைக் கிளறி உடைக்கும். சாறு கலங்கலாக, பழுப்பாக, பார்க்கவே அருவருப்பாக ஓடும். அந்தப் பழுப்புதான் நன்மை. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் ஃபீனால்கள் நொதிப்புக்கு முன்பே எரிந்து, மண்டியோடு கீழே படிந்துவிடும். நொதித்து முடிந்ததும் ஒயின் தெளிந்த நிறத்தில் வரும், பிற்காலத்தில் எரிவதற்கு உள்ளே அதிகம் மிஞ்சியிருக்காது. பின்னால் வந்தது காற்றுப்பை ஊதிப் பழத்தை மெல்ல அழுத்தும் நியூமாட்டிக் பிழிபொறி. சாறு சுத்தமாக, பச்சையாக வந்தது. அது பழுப்பாகாதிருக்க உடனே சல்ஃபரும் போட்டார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். விளைவு, சாற்றில் எரிந்து தொலைந்திருக்க வேண்டிய ஃபீனால்களையும் சேர்த்துப் பாதுகாத்துப் பாட்டிலுக்குள் அனுப்பியது. இன்று கவனமுள்ள பல பண்ணைகள் பிழியுமுன் பழத்தை இலேசாக நசுக்குகின்றன, பிழியும் இடத்தில் சல்ஃபர் போடுவதில்லை, சாறு தட்டில் பழுப்பாக ஓட விடுகின்றன.

மூன்றாவது, பீப்பாயின் அடியில் படியும் செத்த ஈஸ்ட் மண்டியைக் கிளறுவது, பட்டோனாஜ் என்பார்கள். ஒயினைத் தடிமனாக்கும், வெண்ணெய்த்தனம் தரும். ஆனால் 228 லிட்டர் பீப்பாயின் அடைப்பை ஒவ்வொரு முறை திறந்து கிளறும்போதும் ஆக்சிஜன் உள்ளே போகிறது. அமைதியாக அடியில் கிடக்கும் மண்டி ஆக்சிஜனை உறிஞ்சி ஒயினைக் காக்கும் காவலாளி. அவனையே ஓயாமல் எழுப்பி வேலை வாங்கினால் சீக்கிரம் சோர்ந்துபோவான். புது ஓக் மரப் பீப்பாய் மோகமும் இதோடு சேர்ந்தது. வாரம் ஒரு முறை என்றிருந்த கிளறலை இப்போது பலர் நிறுத்திவிட்டார்கள் அல்லது நொதிப்பின் கடைசி நாட்களோடு முடித்துக்கொள்கிறார்கள். பெரிய பீப்பாய்க்கு மாறியவர்களும் உண்டு; பர்கண்டித் தயாரிப்பாளர் பியர்-ஈவ் கோலான்-மோரே 350 லிட்டர் பீப்பாய்களை வைத்துக் கிளறாமல் வளர்ப்பது தெரிந்த உதாரணம்.

திராட்சைத் தோட்டத்துக்கும் பங்கு உண்டு. தண்ணீருக்கும் நைட்ரஜனுக்கும் தவித்த கொடியின் பழத்தில் குளுட்டாதயோன் குறைவாக இருக்கும். செம்பு மருந்து மிச்சம் சாற்றில் கலந்தால் அதுவே ஆக்சிஜனேற்றத்துக்குத் துணை போகும்.

கார்க்கிலும் அதே ஆண்டுகளில் ஒரு மாற்றம் நடந்தது. பூஞ்சை வாடையை ஒழிக்க, குளோரின் கழுவலை விட்டு ஹைட்ரஜன் பெராக்சைடில் கழுவத் தொடங்கினார்கள். பாரஃபின் மெழுகுப் பூச்சுக்குப் பதில் சிலிக்கோன் பூச்சும் பெருகியது. பெராக்சைடு மிச்சம் சல்ஃபரைத் தின்றது, சிலிக்கோனால் கார்க் கழுத்தோடு சரியாக ஒட்டவில்லை என்ற சந்தேகங்கள் நியாயமானவைதான். ஆனால் எல்லாப் பழியையும் இதன் தலையில் கட்டுவது, மேலே சொன்ன மூன்றையும் மறைக்கும் வழி.

தீர்வுகளில் உண்மையில் திருப்பம் தந்தது டியாம் என்ற அடைப்பு. கார்க்கைப் பொடியாக்கி, மிக உயர்ந்த அழுத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடால் பூஞ்சை வாடையை நீக்கி, பசை சேர்த்து வார்ப்பது. டியாம் 5, 10, 30 என்று வரும். எண் என்பது தயாரிப்பாளர் உறுதி தரும் ஆண்டுக்கணக்கு. இதன் பெரிய குணம் காற்றே விடாதது அல்ல. எல்லா அடைப்பும் ஒரே அளவு விடும், அதுதான் குணம். பெட்டியில் ஒன்றைத் திறந்தால் மற்றவற்றின் நிலை தெரியும். புலிஞியின் பெயர்பெற்ற பண்ணையான தொமேன் லெஃப்லேவ் 2014 அறுவடையிலிருந்து இதற்கு மாறியது. பர்கண்டியின் வட பகுதியான ஷாப்லியில் லரோஷ் பண்ணை தன் கிரான் க்ரூவுக்குக்கூடத் திருகு மூடி போட்டது. ஒயினுக்கு அது நல்லதுதான், ஆனால் விலையுயர்ந்த பர்கண்டி வாங்குபவர்கள் மனதளவில் இன்னும் ஏற்கவில்லை. கழுத்தில் ஊற்றும் மெழுகு அழகாக இருக்கும், கொஞ்சம் உதவவும் செய்யும். அடியில் இருப்பது இயற்கைக் கார்க் என்றால் அதை உத்தரவாதமாக எண்ண வேண்டாம்.

இனி உங்கள் மீதி இரண்டு பாட்டில். காத்திருப்பதால் கிடைக்கப்போவது எதுவும் இல்லை. நான்கில் இரண்டு போன பெட்டியில் மிச்சமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டையும் எடுத்து, பின்னால் ஒரு வெள்ளை விளக்கை வைத்து, கழுத்துப் பகுதியை அருகருகே ஒப்பிட்டுப் பாருங்கள். பர்கண்டி பாட்டிலின் கண்ணாடியே காய்ந்த இலை நிறம் என்பதால் ஒரு பாட்டிலைத் தனியாகப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். எது வெளுத்திருக்கிறதோ அதை விருந்துக்கு வையுங்கள், கருத்ததை முதலில் திறங்கள். ஒயின் மட்டம் கார்க்கிலிருந்து வழக்கத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அது கெட்ட சகுனம். மட்டம் சரியாக இருந்தால் ஒயினும் சரி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ப்ரீமாக்ஸ் பிடித்த பல பாட்டில்களில் மட்டம் அப்படியே இருக்கும்.

திறப்பதற்கு முந்தைய நாள் நிமிர்த்தி வையுங்கள். 11 முதல் 13 டிகிரியில் பரிமாறுங்கள். குளிர்சாதனப் பெட்டிக் குளிரில் வாசனைக் கோளாறு ஒளிந்துகொள்ளும். கார்க்கை உருவியதும் பக்கவாட்டில் பாருங்கள்: அடியிலிருந்து மேல் வரை ஒயின் ஊறிய கோடு போயிருந்தால் காற்று வந்த பாதை அது. முதலில் இரண்டு மடக்கு மட்டும் கோப்பையில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு மறுபடி முகருங்கள். இந்த அரை மணி நேரம் முக்கியம். நல்ல பாட்டில் இந்த நேரத்தில் விரியும். எல்லையில் நிற்கும் பாட்டில் முதல் நிமிடம் தேன் மணத்தோடு மயக்கி, அரை மணியில் சரிந்து பழுப்பாகும். தீக்குச்சி உரசிய வாடை வந்தால் பயப்பட வேண்டாம்; அது ஆக்சிஜன் போதாமல் வரும் வாசனை, நேர் எதிர்ப்பக்கம். அதை அகன்ற குடுவைக்கு மாற்றினால் சரியாகும். சுவைத்துப் பார்ப்பதற்கு முன்பே குடுவையில் ஊற்றும் பழக்கத்தை மட்டும் வெள்ளை பர்கண்டியில் விட்டுவிடுங்கள். ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க் பூஞ்சை, இந்த நோய் இல்லை. இவற்றில் எதுவென்று தெரிந்தால்தான் விற்றவரிடம் பேச முடியும்.

இனி வாங்கும்போது முதல் கேள்வி, எந்த அடைப்பு? இயற்கைக் கார்க் என்றால், அறுவடை ஆண்டிலிருந்து கிராமப் பெயர் ஒயினை மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள்ளும், பிரமியே க்ரூவை ஐந்து முதல் எட்டுக்குள்ளும், கிரான் க்ரூவை ஏழு முதல் பத்துக்குள்ளும் முடித்துவிடுவது என் பரிந்துரை. கிரான் க்ரூவை ஏழாவது ஆண்டில் திறப்பது சிசுஹத்தி என்று மூத்த ரசிகர்கள் வருந்துவார்கள். வருத்தம் நியாயம்தான், ஆனால் பதினைந்தில் திறந்து வெந்தயம் முகர்வதைவிட இது மேல். டியாமில் அடைத்தது என்றால் இந்தக் காலக்கெடுவை இன்னும் சில ஆண்டு நிம்மதியாகத் தள்ளலாம். 2014, 2017போன்ற புளிப்பும் சமநிலையும் உள்ள ஆண்டுகளை அந்த அடைப்பில் வாங்கினால் பழைய பாணியில் காத்திருந்து பார்ப்பதற்கு அர்த்தம் உண்டு.

மேக்னம் பற்றி ஒரு சொல். 1.5 லிட்டர் ஒயினுக்கும் ஏறத்தாழ அதே அளவு கார்க். அதனால் லிட்டருக்கு வரும் ஆக்சிஜன் பாதி. உதவும், ஆனால் காப்பாற்றிவிடாது. கெட்ட கார்க் மேக்னத்துக்கும் வாய்க்கும், அப்போது கொட்டுவது இரண்டு மடங்கு.

ஏலத்தில் 1995க்கும் 2010க்கும் இடைப்பட்ட வெள்ளை பர்கண்டி வந்தால், மூன்றில் ஒன்று போகும் என்று மனதில் கணக்கு வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். இது கணக்கெடுப்பு இல்லை, பணம் போடுபவருக்கான எச்சரிக்கை விகிதம். உணவகத்தில் பாட்டில் பழுப்பாக வந்தால் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். கார்க் பூஞ்சைபோலவே இதுவும் பழுதுதான்.

பெட்டியாக வாங்கினால் ஐந்தாவது ஆண்டில் ஒன்றைத் திறங்கள். அது சுத்தமாக இருந்தால் ஆண்டுக்கு ஒன்று. கொஞ்சமாவது மெழுகு, ஆப்பிள் வாடை தெரிந்தால் மீதியை அந்த ஆண்டுக்குள்ளேயே குடித்துவிடுங்கள். சேமிக்கும் அறை 12, 13 டிகிரிக்கு மேல் போனால் இந்தக் காலக்கெடுக்கள் எல்லாம் சுருங்கும். சென்னை, சிங்கப்பூர் வீடுகளில் ஒயினுக்கான குளிர் அலமாரி இல்லாமல் இந்த ஒயினை ஓர் ஆண்டுகூட வைக்க வேண்டாம். உங்கள் மீதி இரண்டில் முதலாவதைத் திறக்கும் மாலை, பக்கத்திலேயே வேறொரு பாட்டிலையும் குளிரவைத்துத் தயாராக வையுங்கள்.